ஆபரேஷன் இலவசம்தான், ஆனா யாரு கூட்டிட்டுப் போறது?

இன்னைக்கு லயன்ஸ் கிளப், ரோட்டரி கிளப் மாதிரியான சேவை அமைப்புகளைப் பற்றிப் பேசப் போறோம்.

உண்மையைச் சொல்லிடறேன். காலேஜ் படிக்கும்போது எனக்கு இவங்க மேல பெரிய மரியாதை கிடையாது. பேனர், சால்வை, குரூப் போட்டோ, அவ்ளோதான்னு நினைச்சிருந்தேன். அதை மாத்தினது தென்காசிப் பக்கம் இருக்கிற எங்க ஆச்சி.

ஆச்சிக்கு ரெண்டு கண்லயும் புரை. அரிசியில கல்லு தெரியலன்னு அடுப்படிக்குப் போறதையே நிறுத்திட்டாங்க. வயசாச்சு, ஓய்வெடுக்கறாங்கன்னு நாங்க நினைச்சோம். ஊர்ப் பள்ளிக்கூடத்துல லயன்ஸ் கிளப் கண் முகாம் போட்டப்பதான் விஷயமே தெரிஞ்சது. ஏன் சொல்லலன்னு கேட்டேன். "நீ பெங்களூர்ல இருக்க. ஒங்கப்பன் கடையில நிக்கான். என்னைய யாருல கூட்டிட்டுப் போவா?"

பிரச்சினை காசு இல்லைங்க. கூட வர ஆள் இல்லை.

முகாம்ல என்ன நடக்குது? பள்ளியிலயே பரிசோதனை. ஆபரேஷன் தேவைப்படறவங்களை பஸ்ல மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடிஞ்சதும் திரும்ப ஊர்ல கொண்டுவந்து விடறாங்க. டாக்டர் செய்யறது ஒரு வேலை. அதைச் சுத்தி இருக்கிற பத்து வேலையை கிளப்காரங்க செய்யறாங்க. ஆச்சியைக் கையைப் பிடிச்சு பஸ் ஏத்தினவர் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர்.

லயன்ஸுக்கும் கண்ணுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1925-ல் அமெரிக்காவின் ஒஹாயோவில் நடந்த அவங்க மாநாட்டுல ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையற்றவர்களுக்குத் துணை நில்லுங்கன்னு கேட்டார். 1930-ல் பியோரியா நகர லயன்ஸ் உறுப்பினர் ஒருத்தர், கறுப்புக் கைத்தடியோட ரோடு கடக்கத் தவிச்ச பார்வையற்றவரைப் பார்த்தார். கார் ஓட்டறவங்க கண்ணுக்கு அந்தத் தடி படலை. அதுக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கலாம்னு யோசனை சொன்னார். செலவு? கொஞ்சம் பெயின்ட்!

ரோட்டரி 1905-ல் சிகாகோவில் ஆரம்பிச்சது. அவங்களோட முதல் பொதுப்பணிகள்ல ஒண்ணு, ஊருக்குப் பொதுக் கழிப்பறை கட்ட வச்சது. அதே ரோட்டரி 1985-ல் போலியோ ஒழிப்பைக் கையில எடுத்தது. தடுப்பு மருந்து 1955-லேயே வந்தாச்சு. ஆனா எல்லாக் குழந்தைக்கும் போய்ச் சேரலை. நம்ம பாஷையில சொன்னா, ஃபீச்சர் ரெடி, யூசர் கைக்குப் போகலை. அரசுகள், உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் இவங்களோட சேர்ந்து ரோட்டரி பணம் திரட்டியது, முகாமுக்கு ஆள் அனுப்பியது. 2011 ஜனவரியில் ஹவுராவில் பதிவானதுதான் இந்தியாவோட கடைசி இயற்கை போலியோ பாதிப்பு. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடுன்னு சான்று கிடைச்சது.

கைத்தடி, கழிப்பறை, கண் முகாம், போலியோ. எல்லாம் வேற வேற உதவி. ஆனா செய்யறது ஒரே வேலை: இருக்கிற வசதிக்கும் தேவைப்படற ஆளுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தைக் குறைக்கிறது.

ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசத்துல ஆச்சிக்கு செக்கப். ரிலீஸ் வேலையில நான் சுத்தமா மறந்துட்டேன். அந்த ஹார்டுவேர் கடைக்காரர் மறக்கலை. காலையில ஏழு மணிக்கு வீட்டு வாசல்ல வந்து நின்னாராம்.

நம்ம வயசுக்காரங்களுக்கு ரோட்டராக்ட் இருக்கு, 18 வயசு ஆனா சேரலாம். சேராட்டியும் பரவாயில்லை. இந்த வாரம் உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட, "கண்ணு நல்லாத் தெரியுதா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!