அடைப்பு பைப்பில், ஆபத்து கரண்டில்

‘ஹார்ட் அட்டாக்’, ‘கார்டியாக் அரெஸ்ட்’ ரெண்டும் ஒண்ணுன்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன். இல்லை. வீட்டோட ஒப்பிட்டா, முதலாவது தண்ணி பைப் பிரச்சினை. ரெண்டாவது கரண்ட் பிரச்சினை. பைப் அடைச்சா கரண்ட் ஏன் குழம்புது? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

பாப் ஹார்ப்பர், அமெரிக்காவின் பிரபல ஃபிட்னஸ் டிரெய்னர். 2017 பிப்ரவரியில், 51 வயசுல, நியூயார்க்கில் ஒரு ஜிம்மில் சரிஞ்சு விழுந்தார். ஹார்ட் அட்டாக் வந்து, அதனால இதயத்துடிப்பே நின்னுபோச்சு.

எப்படி? இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோறது கரோனரி தமனிகள். அதன் உள்சுவரில் படிஞ்ச கொழுப்பு வெடிச்சு, அது மேல ரத்தம் உறைஞ்சா வழி அடைஞ்சிடும். ஆக்சிஜன் கிடைக்காத செல்களில் இருந்து பொட்டாசியம் வெளியே கசியும். நல்ல தசை ஒரு வேகத்தில், பாதிக்கப்பட்ட தசை வேறொரு வேகத்தில் மின் சிக்னலைக் கடத்தும். சிக்னல் வழி தவறி அங்கேயே சுத்த ஆரம்பிக்கும். கடைசியில் இதயத்தின் கீழறைகள் துடிக்காம, வெறுமனே நடுங்கும். இதுக்குப் பேர் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். மூளைக்கு ரத்தம் போகாது. சில நொடிகளில் நினைவு தப்பிடும்.

அட்டாக்கில் பிழைச்சுட்டா எல்லாம் முடிஞ்சுதா? இல்லை. செத்துப்போன தசை தழும்பாகும். வருஷங்கள் கழிச்சும் அந்தத் தழும்பைச் சுத்தி சிக்னல் சுழலலாம். அதனாலதான் இதயத்தின் பம்பிங் ரொம்பக் குறைஞ்ச சிலருக்கு, தானா ஷாக் கொடுக்கிற ஐ.சி.டி. கருவியை உடம்புக்குள்ள வைக்கிறாங்க.

அதுக்காக ஒவ்வொரு படபடப்பும் அடைப்பு இல்லை. காபி, தூக்கமின்மை, பதற்றம், தைராய்டு எதுவும் காரணமா இருக்கலாம். அடிக்கடி வந்தா டாக்டரைப் பாருங்க. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் சேர்ந்து வந்தா காத்திருக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

ஹார்ப்பர் எப்படிப் பிழைச்சார்? அந்த ஜிம்மில் இருந்த ஒரு டாக்டர் உடனே சி.பி.ஆர். செய்தார். அங்கேயே இருந்த ஏ.இ.டி. கருவியால் ஷாக்கும் கொடுத்தாங்க. நடுங்குற இதயத்தைப் பழைய தாளத்துக்குக் கொண்டுவர்றது அந்த ஷாக்தான். அது வர்ற வரைக்கும் மூளையைக் காப்பாத்துறது நம்ம கை. ஒருத்தர் விழுந்து, கூப்பிட்டாலும் அசையாம, சரியா மூச்சும் விடலைன்னா, நெஞ்சின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைஞ்சது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்க.

நாளைக்கு ஜிம்முக்கோ ஆபீஸுக்கோ போனதும் ஒரு கேள்வி கேளுங்க: “இங்க ஏ.இ.டி. எங்க இருக்கு?” இல்லைன்னு சொன்னா, ஏன் இல்லைன்னும் கேளுங்க.