ஓதேசான் மலையின் இரு விகாரைகள்



தென் கொரியாவின் கங்வொன் மாகாணத்தில் ஓதேசான் என்றொரு மலையுண்டு. ‘ஐந்து மேடைகளின் மலை’ என்பது அப்பெயரின் பொருள். சில்லா இராச்சியத்துப் பிக்குவாகிய ஜாஜாங், சீனாவின் வூதாய் மலையில் மஞ்சுசிறீ போதிசத்துவரைத் தரிசித்து, 643ஆம் ஆண்டிலே புத்த பிரானின் தாதுக்களுடன் மீண்டார் என்பது அவ்விடத்து மரபு. ஐந்து சிகரங்களிலும் புனிதர் உறைகின்றனர் என நம்பி யாத்திரிகர் ஏறுகின்றனர். நடுச் சிகரம் மஞ்சுசிறீக்குரியது. அங்குள்ள தாது மண்டபத்தினுள் சிலையே கிடையாது. வெறும் ஆசனம் மாத்திரம் இடப்பட்டிருக்கும். தாது அம்மண்ணிலேயே இருக்கும்போது உருவம் எதற்கு என்பர். இம்மலையைப் புத்தகங்களிலேயே கண்ட எனக்கு, அந்த ஆசனம் நெடுநாள் மனத்தை விட்டகலவில்லை.

மலையடியில் வோல்ஜொங்சா விகாரை. அங்கிருந்து ஓடையோரமாக ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் நடந்தால் சாங்வொன்சா விகாரை. ஒரே வழியிலுள்ள இவ்விரண்டுக்கும் 1951ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெவ்வேறு கதி நேர்ந்தது.

கொரிய யுத்தம் நடந்த காலம் அது. பின்வாங்கிய தென் கொரியப் படையினர், எதிரிக்குப் புகலிடமாகிவிடும் என்றஞ்சி வோல்ஜொங்சாவைத் தாமே எரித்தனர். ஒன்பது நிலைகொண்ட எண்கோணக் கற்கோபுரம் தப்பி நின்றது. 804ஆம் ஆண்டில் வார்க்கப்பெற்ற வெண்கல மணியோ தீயில் அழிந்தது.

பின்னர் சாங்வொன்சாவுக்கும் வந்தார்கள். அங்கே எழுபது வயதைக் கடந்த ஹானம் என்னும் பெருந்துறவி இருந்தார். அவர் சீவரந் தரித்து, மண்டபத்தினுள்ளே புத்தர் சிலைமுன் அமர்ந்துவிட்டார். கட்டளையை நிறைவேற்றுவது படைவீரர் கடமை, இங்கிருப்பது என் கடமை, ஆகவே தீ வையுங்கள் என்ற கருத்தில் அவர் பேசினாராம். அதிகாரி என்ன செய்வார்? கதவுகளை மாத்திரம் கழற்றி முற்றத்திற் குவித்து எரித்தார். புகை எழுந்தது, படை திரும்பிற்று.

பாடசாலையில் யுத்தங்களைப் படித்தபோது தளபதிகளின் பெயர்களையே மனனஞ் செய்தேன். இப்படியொருவரைப் பற்றி எந்த வினாத்தாளும் கேட்கவில்லை. அந்த அதிகாரி மேலிடத்தை ஏமாற்றினார் என்று நம்முள் சிலர் வாதிக்கலாம். நான் அவர் பக்கமே நிற்பேன்.

ஹானம் அவ்வாண்டிலேயே காலமானார். 725ஆம் ஆண்டில் வார்க்கப்பெற்ற மணி, கொரியாவில் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது, சாங்வொன்சாவில் இன்றும் இருக்கிறது. இசைக்கருவிகளை மீட்டியவாறு பறக்கும் தேவமாதர் உருவங்கள் அதன் மேனியில் உள்ளன.