காக்கைப் பாட்டுக்கு ஒரு சிலை

அமராவதி நகர் என்றதும் அணையும் முதலைப் பண்ணையும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அணை 1957இல் கட்டி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் திருப்பூர் பனியன் கம்பெனி ஆட்கள் வேன் பிடித்து வருகிறார்கள். அணை மீன் வறுவலை ஒரு கை பார்த்து, வெயிலில் வாயைப் பிளந்து கிடக்கும் முதலையைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். வழியில் உடுமலை வருகிறதல்லவா, அங்கே ஒரு அரைமணி நேரம் வண்டியை நிறுத்துங்கள்.

உடுமலை நாராயணகவிக்கு அங்கே மணிமண்டபம் இருக்கிறது. உள்ளே அவர் சிலை. 1899இல் பக்கத்துப் பூளவாடியில் பிறந்தவர். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் கேலிக்கும் கிண்டலுக்கும் பாட்டுக் கட்டிக் கொடுத்தவர். பகுத்தறிவுக் கவிராயர் என்று பட்டம். நல்லதம்பி, வேலைக்காரி என்று படங்களை அடுக்கலாம். எனக்கு ஒன்று போதும். 1952இல் வந்த பராசக்தியில், சி.எஸ்.ஜெயராமன் குரலுக்குச் சிவாஜி வாயசைக்கும் காக்கைப் பாட்டு. கையில் காசில்லாமல் பட்டணத்துத் தெருவில் அலைகிறவன் காக்கைகளைப் பார்க்கிறான். கிடைத்ததைத் தனியாகத் தின்னாமல் கூட்டத்தையே கூவி அழைக்கிறது காக்கை. இந்தப் புத்தி மனுசனுக்கு ஏன் இல்லாமல் போனது என்பதுதான் பாட்டு. கேட்கிறவனுக்குச் சிரிப்பும் வரும், சுருக்கென்றும் இருக்கும்.

பாட்டு எழுதியவருக்குச் சிலை வைப்பதில் நமக்குக் குறையே இல்லை. பாட்டுக்கே சிலை வைத்த ஊர்களும் உண்டு. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து வின்ஸ்லோ, புதிய நெடுஞ்சாலை ஒதுங்கிப் போனதால் களையிழந்த சிற்றூர். ஈகிள்ஸ் இசைக்குழுவின் 1972ஆம் வருடத்துப் பாட்டொன்றில் அந்த ஊர்த் தெருமுனை வருகிறது. அதை விடாமல் பிடித்துக்கொண்டு, 1999இல் ஒரு பூங்கா அமைத்து, கிதாரோடு நிற்கும் வெண்கல ஆள் ஒருவரை நிறுத்திவிட்டார்கள். அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்ளவே கார்கள் நிற்கின்றன. அயர்லாந்தின் டப்ளினிலும் மோலி மலோன் என்ற பாட்டில் வரும் மீன்காரிக்கு 1988இல் சிலை வைத்தார்கள், தள்ளுவண்டியோடு.

உடுமலைக்காரர்களே, உங்களிடம் அவற்றைவிடப் பெரிய பாட்டு இருக்கிறது. மண்டபத்து வாசலில் நாலைந்து வெண்கலக் காக்கைகள், நடுவே ஒரு சோற்றிலை. செலவு அப்படியொன்றும் ஆகாது. நிஜக் காக்கை வந்து தலையில் உட்காருமே என்கிறீர்களா? நம் ஊர்த் தலைவர்கள் எல்லோரும் தாங்கிக்கொண்டிருப்பதுதானே, இந்தச் சிலைக்கு மட்டும் அது சொந்தக்காரர் வருகை.

சிலை வரும்போது வரட்டும். அடுத்த தடவை அமராவதி வரும் நேயர்கள், வண்டியிலேயே அந்தப் பாட்டைப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டிவிட்டு மண்டபத்துக்குக் கூட்டிப் போங்கள்.