தாத்தாவுக்கு எல்லாம் தெரியும், ஆனா செய்ய மாட்டாரு

போன எபிசோடுல வாடகை வீடு தேடுறத பத்திப் பேசினோம். இந்த வாரம் நம்ம வீட்டுக்குள்ளயே வரலாம். நம்ம வீட்டுப் பெரிய ஆம்பளைங்களும் வீட்டு வேலையும். எங்க தாத்தா கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

பாண்டிச்சேரிக்காரங்களுக்கு 'சொல்தா'ன்னா தெரியும். பிரெஞ்சு ராணுவத்துல வேலை பார்த்து, பென்ஷனோட ஊர் திரும்பினவங்க. 1962-ல இந்த ஊர் சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தப்போ, இங்க பிறந்து வளர்ந்தவங்க ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுத்தா பிரெஞ்சுக் குடியுரிமையை வெச்சுக்கலாம்னு ஒரு வாய்ப்பு இருந்தது. தாத்தாவுக்கு அப்போ 18 வயசு. எழுதிக் கொடுத்தாரு, ராணுவத்துல சேர்ந்தாரு. இன்னைக்கும் ஜூலை 14 வந்தா மெடல் குத்திக்கிட்டுக் கிளம்பிடுவாரு.

ராணுவத்துல அவர் என்னென்ன செஞ்சாரு தெரியுமா? படுக்கையைச் சுருக்கம் இல்லாம விரிப்பாரு. சட்டையைத் துவைச்சு இஸ்திரி போடுவாரு. பட்டன் தைப்பாரு. கக்கூஸ் கழுவியிருக்காரு. மூட்டை மூட்டையா உருளைக்கிழங்கு தோல் சீவியிருக்காரு. இதையெல்லாம் பெருமையாத்தான் சொல்லுவாரு.

ஆனா முத்தியால்பேட்டை வீட்டுல, சாப்பிட்ட தட்டை எடுத்து வெச்சு நான் பார்த்ததில்ல. வெளிவேலை மட்டும் அவரோடது. சைக்கிள்ல பெரிய மார்க்கெட் போய், செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குவாரு, கரண்ட் பில் கட்டுவாரு. வாசப்படிக்கு உள்ள வந்துட்டா எல்லாம் ஆயா வேலை.

அதனால "அந்தக் காலத்து ஆம்பளைங்களுக்கு வீட்டு வேலை தெரியாது"ன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். எங்க தாத்தாவுக்குத் தெரியும். அங்க செஞ்சா ட்யூட்டி. இங்க செஞ்சா? அதுக்கு அவர்கிட்ட பேரே இல்ல.

சரி, வளர்ப்புதான் காரணமா? அங்கதான் எங்க சின்னத் தாத்தா வர்றாரு. தாத்தாவோட சொந்தத் தம்பி. அதே வீடு, அதே அம்மா. "ஆம்பளப் புள்ளைக்கு அடுப்பங்கரையில என்னடா வேலை"ன்னு ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதான் விரட்டியிருக்காங்க. அண்ணன் உடனே வெளிய போயிடுவாரு. தம்பி தேங்காய்ப் பத்தைக்காக அங்கயே சுத்திக்கிட்டு இருப்பாரு. சுத்தினவருக்கு அம்மாகூடப் பேச்சு, பேச்சோட சேர்த்துக் குழம்பு வைக்கவும் வந்துடுச்சு. ரோடியர் மில்லுல வேலை பார்த்த காலத்துலயும் ஞாயித்துக்கிழமை சமையல் அவர்தான். "பொண்டாட்டிதாசன்"னு தெருவே கிண்டல் பண்ணும். "ஆமா, அதுக்கென்ன இப்போ"ன்னு சிரிப்பாரு.

தாத்தாவால அப்படிச் சிரிக்க முடியாது. எதைச் செஞ்சாலும் சரியா செய்யணும், யார் முன்னாடியும் தப்பாகக் கூடாது. அப்படிப்பட்டவர் மனைவி பார்க்க, கருகின தோசையோட நிக்கணும்னா? அதை விட நிக்காமலே இருந்துடுறது சுலபம். வளர்ப்பு ரெண்டு பேருக்கும் ஒரே கதவைத்தான் மூடுச்சு. ஒருத்தர் கூச்சமில்லாம எட்டிப் பார்த்தாரு, இன்னொருத்தர் பார்க்கல.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. 2019-ல இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, ஒரு நாள்ல சம்பளமில்லாத வீட்டு வேலை செஞ்ச பெண்கள் 100-க்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். செஞ்ச பெண்களுக்குச் சராசரியா 299 நிமிஷம், செஞ்ச ஆண்களுக்கு 97 நிமிஷம். இதுல கடைக்குப் போறதும் சேர்த்தி. அதாவது தாத்தாவோட மீன் மார்க்கெட்டும் அந்தக் கணக்குலதான் வரும்!

போன வருஷம் ஆயாவுக்கு முட்டி ஆபரேஷன். மூணு மாசம் நிக்கவே கூடாதுன்னுட்டாங்க. அம்மாவும் நானும் வேலைக்குப் போகணும். ஆள் வெச்சுக்கலாம்னு பேசிட்டு இருந்தோம். மூணாவது நாள் காலையில அஞ்சரை மணிக்கு அடுப்பங்கரையில லைட் எரியுது. தாத்தா, 81 வயசுல, காபி போட்டுக்கிட்டு இருக்காரு. யாரும் எழுந்துக்கறதுக்கு முன்னாடி, யாரும் பார்க்காம.

அதுக்கப்புறம் வீடே பாரக்ஸ் ஆயிடுச்சு. சுவத்துல டைம்டேபிள். ஆயாவோட புடவைங்க சதுரம் சதுரமா மடிஞ்சிருக்கு. டப்பா எல்லாம் உயர வரிசையில. ஆயாவுக்குக் கோவம்: "என் அடுப்பங்கரையில எனக்கே கடுகு எங்க இருக்குன்னு தெரியல." அதுவும் நியாயம்தானே.

ஒரு நாள் சாயங்காலம் தைரியமா கேட்டுட்டேன். "ஏன் தாத்தா, இத்தனை வருஷமா செய்யல?"

கொஞ்ச நேரம் கழிச்சு, "யாரும் கேக்கலம்மா"ன்னாரு.

கட்டில்ல இருந்து ஆயா: "நீங்க என்ன விருந்தாளியா, கேட்டுக் கேட்டு செய்யறதுக்கு?"

அப்புறம் என்கிட்ட மெதுவா சொன்னாங்க. "இவர் அப்பவே ஒரு வேளை சமைச்சிருந்தா, நான் சாயங்காலம் தையல் கிளாஸ் போயிருப்பேன். ஃபீஸ்கூடக் கட்டி வெச்சிருந்தேன்." தாத்தா காதுல அது விழுந்தது. பதில் சொல்லல. தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போனாரு.

அவரைப் பாராட்டணும்னு எனக்கு ஆசைதான். ஆனா அந்த ஃபீஸ் ஞாபகம் வந்துடுது. ரெண்டுமே உண்மை, ரெண்டையும் சேர்த்தே சொல்லிடுறேன்.

இதை என்ன பண்ணலாம்? எங்க வீட்டுல வேலை செஞ்ச ஒரு விஷயம்: தாத்தாவை 'ஹெல்ப்' பண்ணச் சொல்லல. ஒரு வேலையை முழுசா அவர்கிட்டயே விட்டுட்டோம். இட்லி மாவு. உளுந்து தீரப்போகுதுன்னு பார்க்கறதுல இருந்து, ஊற வைக்கிறது, அரைக்கிறது, கிரைண்டர் கழுவுறது வரைக்கும். முதல் வாரம் இட்லி கல்லு மாதிரி இருந்துச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல, சாப்பிட்டோம். இப்போ ஆயா நடக்கிறாங்க. மாவு இன்னும் தாத்தாதான்.

உங்க வீட்டுல அப்பாவோ தாத்தாவோ இருந்தா, "ஏன் செய்யல"ன்னு ஆரம்பிக்காதீங்க. ஹாஸ்டல்ல, மேன்ஷன்ல, வெளியூர்ல தனியா இருந்தப்போ என்னென்ன செஞ்சாங்கன்னு கேளுங்க. பதில் நீளமா வரும். அப்புறம் ஒரே ஒரு வேலையை முழுசா விட்டுக் கொடுங்க. இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற தம்பிங்களுக்கும் ஒண்ணு: நீங்க 81 வரைக்கும் காத்திருக்காதீங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.