எல்லையோரத்துச் செவிலி மாணவியர்

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில், மகளைச் செவிலியர் கல்விக்கு அனுப்பலாமா என்ற பேச்சு எழுந்தால், 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின் நினைவும் உடன் எழுகிறது. அந்த அச்சம் இயல்பானதே. அதனை ஆராய்வதற்குப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரம் தக்க இடமாகும்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது, கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எனினும் களியக்காவிளையின் இருபுறமும் உறவும் பேச்சும் கலந்தே இருந்தன. 2020 மார்ச்சு இறுதியில் ஊரடங்கு வந்ததும் எல்லைச் சாவடியில் போக்குவரத்துத் தடைப்பட்டது. கல்லூரிகள் மூடப்பட்டன, பாடங்கள் கைபேசி வழியே வந்தன. சூலை 17-ஆம் நாள், இவ்வட்டத்துக் கடற்கரை ஊராகிய புல்லுவிளையிலும், திருவனந்தபுரத்தை அடுத்த பூந்துறையிலும் சமூகப் பரவல் ஏற்பட்டுள்ளதாகக் கேரள முதலமைச்சர் அறிவித்தார். நோய் வாயிலுக்கு வந்தது. நோயாளியின் அருகே நின்று பயிலும் வாய்ப்போ தொலைவிற்குச் சென்றது.

செவிலியர் கல்வி ஏட்டோடு முடிவதன்று. நாடி பார்ப்பதையும், ஊசி இடுவதையும், மூச்சுத் திணறுவோரைத் தேற்றுவதையும் கண்டும் செய்துமே கற்க இயலும். பாதுகாப்பு உடையை எடுத்துக்கொள்வோம். அதனை அணிவதைக் காட்டிலும் கழற்றுவதிலேயே இடர் மிகுதி. மாசுபட்ட வெளிப்புறம் மேனியில் படலாகாது; முகக்கவசத்தை இறுதியிலேயே நீக்க வேண்டும்; பின்னர்க் கைகளைத் தூய்மை செய்ய வேண்டும். படத்தில் பார்ப்பதனால் மட்டும் இப்பழக்கம் கைவராது.

அக்காலத்தில் பல நாடுகளில் செவிலி மாணவியரின் மனநிலையை ஆராய்ந்தனர். தொண்டு செய்யும் விருப்பமும் அச்சமும் ஒருங்கே காணப்பட்டன. தம் உயிரைவிட, வீட்டிலுள்ள முதியோருக்கு நோயைக் கொண்டு சென்றுவிடுவோமோ என்பதே பலரின் கவலை. இதைக் கோழைத்தனம் என்பது தகாது. தொற்றின் இயல்பை அறிந்தவருக்கே இக்கவலை தோன்றும். அதனைத் தீர்ப்பவை புகழுரைகள் அல்ல. கைப்பழக்கமும், அருகில் நிற்கும் மூத்த செவிலியின் மேற்பார்வையுமே. 2021 மே மாதத்தில், தேர்ச்சி பெற்ற செவிலியரைத் தொற்றுப் பணியில் ஈடுபடுத்த மத்திய அரசு முடிவு செய்தபோதும், அவர்கள் மூத்தோரின் மேற்பார்வையில் பணியாற்ற வேண்டும் என்றே கூறியது.

ஆகவே பெற்றோரே, அச்சத்தால் மகளைத் தடுக்க வேண்டா. ஆராயாமல் அனுப்பவும் வேண்டா. கல்லூரியில் நோயாளியருகே பயிற்சி எத்தனை மணி நேரம், மேற்பார்வையிடுவோர் யார், பாதுகாப்பு உடை போதிய அளவில் உண்டா என்று கேளுங்கள். விடை தெளிவாக இருப்பின், மகளை மனநிறைவோடு அனுப்பி வைக்கலாம்.