கடற்கரைக் கடைகளும் நாற்பதாண்டுக் குத்தகையும்

விழிஞ்ஞம் என்ற பெயர் தமிழர்க்குப் புதிதன்று. ஆய் அரசர்களின் துறைமுகமாக விளங்கிய இவ்வூரை வென்றதைப் பாண்டியர் செப்பேடு பெருமிதத்துடன் கூறுகிறது. பின்னர் சோழர் படையும் இக்கரைக்கு வந்தது. கரையில் வலை இழுத்தோர், மீன் சுமந்தோர் பற்றி அச்செப்பேடு எதுவும் பேசவில்லை. அந்த மௌனம் இன்றைய அரசாணைகளிலும் தொடர்வதுதான் இவ்வுரையின் பொருள்.

ஒரே கடற்கரையில் இரு வகைக் குத்தகைகள் நடைமுறையில் உள்ளன. முதல் வகைக்கு 2015 ஆகஸ்ட் 17 அன்று கையெழுத்தான துறைமுக ஒப்பந்தம் சான்று. அன்றைய ஐக்கிய ஜனநாயக முன்னணி அரசு அதானி நிறுவனத்திற்கு அளித்த காலம் 40 ஆண்டுகள். இத்தகைய திட்டங்களில் வழக்கமான காலம் 30 ஆண்டுகள் என்றும், கூடுதலாக வழங்கிய 10 ஆண்டுகளால் நிறுவனத்திற்கு 29,217 கோடி ரூபாய் கூடுதல் வருவாய் கிட்டும் என்றும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் 2017ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. விழிஞ்ஞத்தை அடுத்த கோவளத்திலோ குத்தகை கூட இல்லை, நேரடி விற்பனைதான். பொதுத்துறைக்குச் சொந்தமான கோவளம் அசோக் விடுதியை 2002இல் வாஜ்பாய் அரசு தனியாருக்கு விற்றுவிட்டது.

இரண்டாம் வகை, தேநீர்க் கடை, இளநீர்க் கடை, வறுத்த மீன் விற்கும் ஓலைக் குடில், துணிக் கடை ஆகியவற்றுக்குரியது. இதற்கு நாற்பதாண்டுப் பத்திரம் கிடையாது. உரிமம் புதுப்பிக்கப்படுமா, அடுத்த பருவத்தில் அதே இடம் கிடைக்குமா என்ற கேள்வியுடனேயே ஒவ்வோர் ஆண்டும் பிறக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அலை மணலை அரித்துச் செல்லும், பயணிகளும் வருவதில்லை. ஆண்டு முழுவதற்குமான வாடகையைச் சில மாத வருவாயிலிருந்து கட்ட வேண்டியவர் இச்சிறு கடைக்காரர்.

இக்கடைகளின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பவர் யார்? 2010இல் விழிஞ்ஞம் கிராம ஊராட்சி திருவனந்தபுரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஊர் எல்லைக்குள் எடுக்கப்பட்ட முடிவுகள் நகர்மன்றக் கூடத்திற்குச் சென்றன. அதன்மேல் கடலோர மண்டல ஆணையத்தின் அதிகாரம், சுற்றுலாத் துறையின் திட்டம் ஆகியவை அடுக்கடுக்காக நிற்கின்றன. அதிகாரம் பலரிடம் பகிர்ந்து கிடக்கும்போது பொறுப்பு ஒருவரிடமும் தங்குவதில்லை.

சென்னை மெரினாவின் அனுபவம் இங்கு பாடமாகும். உயர்நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து அக்கடற்கரையில் 900 கடைகள் மட்டுமே என மாநகராட்சி வரையறுத்தது. 2021 ஜனவரியில் குலுக்கல் முறையில் அவை ஒதுக்கப்பட்டன. ஏற்கெனவே அங்கு பிழைத்து வந்தோரின் எண்ணிக்கை அதைவிட மிகுதி. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் சுண்டல் விற்ற பெண்ணின் வாழ்வு ஒரு சீட்டின் மடிப்புக்குள் அடைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் வளைவுச் சாலையின் மீன் கடைகள் அகற்றப்பட்டபோதோ, மீனவர்கள் சீட்டுக்குக் காத்திருக்கவில்லை. சாலையிலேயே அமர்ந்து போராடினர். 2024 ஆகஸ்டில் அங்கு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. தனித்தனியாக நின்றோர் குலுக்கலை ஏற்க நேர்ந்தது. திரண்டு நின்றோர் பேச்சுவார்த்தை மேசைக்கு அழைக்கப்பட்டனர்.

சட்டம் ஏழைகளுக்கு எதிரானது மட்டும்தானா? 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் தொழிற்சங்கங்களின் நெடும் போராட்டத்தில் விளைந்தது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும் வரை எவரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது அச்சட்டம். நகர வியாபாரக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். இடம் மாற்றுவதற்கு முன் 30 நாள் முன்னறிவிப்பு தேவை. இக்குழு கூடாமலேயே முடிவெடுக்கும் மன்றம் எக்கட்சியின் பிடியில் இருந்தாலும் அது சட்டத்தை மீறுகிறது.

எனினும் தோழர்களே, கடைக்காரர் எல்லோரும் ஒரே வர்க்கத்தினர் அல்லர். தம் பெயரில் உரிமம் பெற்று அதனை உள்வாடகைக்கு விட்டு வீட்டிலிருந்தே பணம் எண்ணுவோர் கோவா முதல் கோவளம் வரை உண்டு. குடில் என்ற பெயரில் கான்கிரீட் எழுப்புவோரும் உண்டு. சங்கம் இவர்களுக்கும் சேர்த்துக் குடை பிடித்தால் உண்மையான உழைப்பாளியின் கோரிக்கை வலுவிழக்கும். கரமடி இழுக்கும் மீனவருக்கு வலை விரிக்க மணல் வேண்டும். அவருடைய இடத்தை விழுங்கும் குடில் ஏழையுடையதாயினும் நியாயமாகாது. கடலோர மண்டல அறிவிக்கையின் 2019ஆம் ஆண்டு வடிவம் பெரும் விடுதிகளுக்குக் கதவு திறந்ததை எதிர்ப்பவர்கள், அதே அறிவிக்கை தற்காலிகக் குடில்களுக்கு விதித்துள்ள 10 மீட்டர் இடைவெளியை மதித்தாக வேண்டும்.

இழப்பீட்டிலும் வர்க்கம் பேசுகிறது. கொச்சி மரடில் விதிமீறிக் கட்டப்பட்ட அடுக்குமாடிகள் 2020 ஜனவரியில் தகர்க்கப்பட்டன. குடியிருப்பு உரிமையாளருக்கு இடைக்கால இழப்பீடாக 25 இலட்சம் ரூபாய் வழங்க உச்சநீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. அது தவறன்று. ஆனால் ஓலைக் குடில் பிரிக்கப்படும் காலையில் அதன் உடைமையாளருக்குக் கிடைப்பது என்ன? சட்டியும் அடுப்பும் மணலில் சிதறிக் கிடக்கும் காட்சி மட்டுமே.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக அமைய வேண்டும். முதலில் கணக்கெடுப்பு, பின்னரே ஒதுக்கீடு. உரிமம், கடையில் நின்று உழைப்பவரின் பெயரில் மட்டும். குலுக்கலுக்கு மாறாக, தொழில் செய்த ஆண்டுகளின் அடிப்படையில் முன்னுரிமை. மழைக்கால மாதங்களுக்கு வாடகைத் தள்ளுபடி. வலை இழுக்கும் இடம் வரைபடத்தில் முதலாவதாகக் குறிக்கப்படுதல். முடிவெடுக்கும் கூட்டம் விழிஞ்ஞத்திலேயே, மக்கள் அறிய நடைபெறுதல்.

இவற்றில் எதுவும் கருவூலத்தைக் காலி செய்யாது. பெருநிறுவனத்திற்கு 40 ஆண்டுகளை எழுதிக் கொடுக்க முடிந்த அதிகாரம், உழைப்பவருக்குச் சில ஆண்டுகளின் உறுதியை எழுதிக் கொடுக்கத் தயங்குமாயின், அத்தயக்கத்தை உடைப்பது சங்கமாகத் திரண்ட மக்களின் கடமை. ஆய் அரசரின் செப்பேடோ பாண்டியரின் செப்பேடோ இவர்கள் பெயரைப் பொறிக்கவில்லை. நகர்மன்றத்தின் தீர்மானப் புத்தகத்திலாவது இவர்கள் பெயர் ஏறட்டும்.