அரகலயவும் வெளிநாட்டுச் சதியும்: தொழிலாளர் நாம் எப்படிப் பார்ப்பது?

(குண்டசாலையில் தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் நடந்த கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)

அன்பான தோழர்களே, தோட்டத் தலைவர்மாரே, கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு பஸ் பிடித்து வந்திருக்கும் அக்காமாரே!

லயங்களில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. "2022 போராட்டம் அமெரிக்காக்காரன் செய்த வேலையாம். நாம்தான் விவரம் தெரியாமல் பின்னால் போனோமாம்" என்கிறார்கள். இந்தப் பேச்சு தானாக முளைக்கவில்லை. 2023இல் விமல் வீரவன்ச ஒரு புத்தகம் எழுதி, அன்றைய அமெரிக்கத் தூதுவர் ஜூலி சங் மீது குற்றம் சாட்டினார். தூதுவர் அதைக் கட்டுக்கதை என்று மறுத்தார். 2024 மார்ச்சில் கோட்டாபய ராஜபக்ஷவே, தன்னை ஜனாதிபதிப் பதவியிலிருந்து அகற்றச் சதி நடந்தது என்று ஒரு புத்தகம் வெளியிட்டார்.

இதைச் சிரித்துத் தள்ளிவிடவும் கூடாது, அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. வெளிநாட்டு உளவுத்துறைகள் அடுத்த நாட்டு அரசியலில் கை வைப்பது உண்மைதான். ஈரானில் பிரதமர் மொசாதெக், பிரிட்டிஷ் கம்பெனியின் கையிலிருந்த எண்ணெயை நாட்டுடைமை ஆக்கினார். 1953 ஆகஸ்டில் அமெரிக்க சி.ஐ.ஏ.யும் பிரிட்டிஷ் உளவுத்துறையும் சேர்ந்து அவரைக் கவிழ்த்தன. அதற்காகக் காசு கொடுத்துக் கூட்டமும் சேர்த்தார்கள். அறுபது வருடம் கழித்து, 2013இல் வெளியான சி.ஐ.ஏ. ஆவணமே அந்தக் கவிழ்ப்பில் தன் பங்கை ஒப்புக்கொண்டது.

இன்னொரு கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. தென்னமெரிக்காவில் கயானா என்று ஒரு நாடு. அன்று அது பிரிட்டிஷ் கயானா. நம் பாட்டன்மாரைத் தேயிலைக்கும் கோப்பிக்கும் கொண்டுவந்த வெள்ளைக்காரன், 1838 முதல் இந்தியாவிலிருந்து ஆட்களை அங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனான். அந்தத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் செட்டி ஜெகன். 1953 தேர்தலில் அவருடைய கட்சி வென்றது. 133 நாளில் பிரிட்டன் படையை அனுப்பி அரசியலமைப்பையே நிறுத்திவைத்தது. அவர் மறுபடி வென்றார். 1963இல் அவருடைய அரசுக்கு எதிராக 80 நாள் பொது வேலைநிறுத்தம் நடந்தது. வேலைநிறுத்தத்தை நீட்டிக்கச் சி.ஐ.ஏ.யின் பணம் எந்த வழியாக வந்தது தெரியுமா? தொழிற்சங்கங்கள் வழியாக. அடுத்த வருடம் தேர்தல் முறையை மாற்றி பேர்ன்ஹாமை ஆட்சிக்குக் கொண்டுவந்தார்கள். அவர் பின்னால் தேர்தல்களில் மோசடி செய்து சர்வாதிகாரியாக இருந்தார். ஜெகன் திரும்ப ஆட்சிக்கு வர 1992 ஆயிற்று.

ஆகவே உளவுத்துறை என்பது பெரிய மாளிகைகளில் மட்டும் வேலை செய்வதில்லை. சங்கத்துக்குள்ளும் வரும். இதைச் சங்கத்துக்காரர்களாகிய நாமே முதலில் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2019 கடைசியில் வரிகளைத் தடாலடியாகக் குறைத்தார்கள். திறைசேரிக்கு வரும் பணம் விழுந்தது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே உத்தரவில் தடை செய்தார்கள். உரம் இல்லாமல் தேயிலை என்ன ஆனது என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து குறைந்தால் கிலோக் கணக்கில் அடி வாங்குவது உங்கள் பேர்தான். டொலர் தீர்ந்தது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மருந்து இல்லை. அந்த வருடம் செப்டெம்பரில் சாப்பாட்டுச் சாமான்களின் விலை, முந்திய வருடத்தை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் நாட்சம்பளமோ அதே ஆயிரம் ரூபாய். ரொட்டி சுட மா இல்லாமல் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வெறும் வயிற்றோடு வந்ததை வகுப்பறையில் நின்று பார்த்தவர்கள் நாம். அந்தப் பசியை எந்தத் தூதரகம் அனுப்பிவைத்தது?

மார்ச் 31இல் மிரிஹானையில் சனம் திரண்டது. ஏப்ரல் 9இல் காலிமுகத்திடலில் கூடாரம் போட்டார்கள். ஏப்ரல் 28 பொது வேலைநிறுத்தத்தில் மலையகத் தோட்டங்களும் சேர்ந்தன. மே 6இல் ஹர்த்தால். ஜூலை 9இல் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் நுழைந்தது. ஜூலை 14இல் அவர் சிங்கப்பூரிலிருந்து இராஜினாமாவை அனுப்பினார். இத்தனை இலட்சம் பேர் நடந்த பாதையில் வெளிநாட்டுக்காரன் எவனும் எட்டிப் பார்க்கவில்லை என்று நாம் சத்தியம் செய்யத் தேவையில்லை. வல்லரசுகள் எப்போதும் எட்டிப் பார்க்கும்; நடந்ததைத் தங்களுக்கு வாய்ப்பாக்கவும் பார்க்கும். ஆனால் எட்டிப் பார்ப்பது வேறு, அடுப்பை அணைத்தது யார் என்பது வேறு. அந்தக் கேள்விக்கு 2023 நவம்பரில் நம் உயர் நீதிமன்றமே பதில் சொன்னது. பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பானவர்கள் என்று கோட்டாபய, மஹிந்த, பசில் ஆகியோரையும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களையும் பெயர் சொல்லியே தீர்ப்பளித்தது.

தோழர்களே, "வெளிநாட்டுக் கை" என்ற சொல்லைப் பற்றி மலையகத்தாருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்தச் சொல்லால் அதிகம் அடிபட்டவர்கள் நாம். 1937இல் நடந்ததைக் கேளுங்கள். இதே கண்டி மாவட்டத்தில், மடுல்கலை ரெலுகாஸ் தோட்டத்தில் தேயிலைத் தொழில் பழக வந்தவர் பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர். தொழிலாளரோடு பழகினார், அவர்கள் பக்கம் பேசினார், வேலை போனது. நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமார் செய்யும் கொடுமையைப் பேசினார். உடனே, 48 மணித்தியாலத்தில் நாட்டை விட்டுப் போ என்று ஆளுநர் உத்தரவு போட்டார். கடல் தாண்டி வந்து ஆண்டுகொண்டிருந்த ஆளுநருக்கு, நம்மோடு நின்ற ஒரு மனிதன் ஆபத்தான வெளியாள் ஆகிவிட்டான்! அந்த உத்தரவு செல்லாது என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. மூன்று வருடம் கழித்து, 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் செத்தார். அவர் கேட்டது நாளுக்குச் சில சதம் கூலி.

1947 தேர்தலில் நம் வாக்கால் ஏழு பிரதிநிதிகள் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. இந்த மண்ணில் பிறந்தவர்களையும் இந்தியாவின் ஆட்கள் என்று சொல்லித்தான் ஏறக்குறைய ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கினார்கள்.

இன்றும் அந்தச் சொல்லுக்கு அதே வேலைதான். போராட்டம் சதி என்றால், போராடியவன் துரோகி ஆகிவிடுகிறான். 2022 ஆகஸ்டில் மாணவர் தலைவர் வசந்த முதலிகேயைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து, ஐந்து மாதத்துக்கு மேல் அடைத்துவைத்தார்கள். நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் கீழான குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. நாளைக்கு நாம் சம்பளத்துக்காக வீதியில் இறங்கினாலும் இதே முத்திரையைக் குத்துவார்கள். தேயிலை டொலர் கொண்டுவரும் தொழில். வேலையை நிறுத்தினால் நாட்டுக்கு எதிரி என்பார்கள்.

அப்போது நாம் என்ன செய்வது? மூன்று காரியம் சொல்கிறோம்.

முதலாவது, சங்கத்தின் கணக்கு. சந்தா எவ்வளவு வந்தது, வெளியிலிருந்து உதவி வந்தால் யாரிடமிருந்து, எதற்காக என்பதைத் தோட்டக் கமிட்டியில் வாசித்துக் காட்ட வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளர் நமக்குத் தோள் கொடுப்பது தப்பில்லை. மறைத்து வாங்குவதுதான் தப்பு. கயானாவில் மறைவாக வந்த பணத்துக்கு அந்த நாட்டுச் சனம் முப்பது வருடம் விலை கொடுத்தது.

இரண்டாவது, முடிவு. வேலைநிறுத்தம் தொடங்குவதும் முடிப்பதும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடி, கை உயர்த்தி எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். கொழும்பிலிருந்து போனில் வரும் முடிவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

மூன்றாவது, போனில் வரும் கதை. 2018 மார்ச்சில் திகனையில் என்ன நடந்தது என்பதைக் குண்டசாலைக்காரர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. கைக்குக் கை அனுப்பிய பொய்களால் முஸ்லிம் சனத்தின் வீடும் கடையும் எரிந்தன. யார் சொன்னது, சாட்சி என்ன, இதை நம்பினால் யாருக்கு லாபம் என்று கேட்காமல் எதையும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். வெளிநாட்டுச் சதி என்று வரும் வீடியோவுக்கும் இதே விதிதான்.

தலைவர்மாரே, மாதர் தலைவிகளே, அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் முதல் வேலையாகச் சந்தாக் கணக்கை வாசியுங்கள். வாசித்த திகதியைக் குறிப்பேட்டில் எழுதி, தலைவரும் மாதர் தலைவியும் இருவருமே கையெழுத்துப் போடுங்கள். நாளைக்கு எவராவது "உங்களுக்குக் காசு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், அந்தக் குறிப்பேட்டை எடுத்துக் காட்டுவோம்.